ஓடாதவர் கட்சி

விண்வெளியில் ஒரு சிப்பாய் ஓட வேண்டுமா, நடந்தால் போதாதா என்ற கேள்விக்காக, கழுதை வயதான ஆண்கள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததுண்டு. உலகத்தில் வேறு கவலையே இல்லாதவர்கள் போலிருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கவலை இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட இடத்தில் போய் உட்காருவார்கள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

‘கடைசிக் கோள்’ என்பது ஒரு துப்பாக்கி விளையாட்டு. இதுவரை ஏழு பாகம் வந்திருக்கிறது. முதல் நான்கு பாகங்களில் கவசம் போட்ட அந்தச் சிப்பாய் நடப்பான். பின்னால் கிரகமே வெடித்துச் சிதறினாலும் நடப்பான். ஐந்தாம் பாகத்தில் ஓட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குமிழை உள்ளே அழுத்தினால், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு ஓட்டம் பிடிப்பான். அன்றைக்கு ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஆறாம் பாகத்தில் சிப்பாயின் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டியதும், ஏழில் மூன்றாவது துப்பாக்கியை அனுமதித்ததும் சின்னச் சண்டைகள். ஓட்டம்தான் பெரிய சண்டை.

ஓடக்கூடாது என்கிற கட்சிக்குத் தலைவர், கொள்கைப் பரப்பாளர், போஸ்டர் ஒட்டுபவர் எல்லாமே கடைவாயார்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. இணையத்தில் ரசிகர் குழுவில் சேர்ந்த அன்று, என்ன பெயரில் எழுதப்போகிறீர்கள் என்று திரை கேட்டது. அப்போது அவர் கையில் ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. அதையே தட்டிவிட்டார். மற்றவர்கள் எல்லாம் ‘இருள்வேந்தன்’, ‘எரிகல்’ என்று பந்தாவாக வைத்துக்கொண்டு உலவ, இவர் மட்டும் வாயின் மூலையில் ஒதுங்கிக்கொண்டார். பிறகு மாற்ற நினைத்தபோது அந்தப் பெயருக்கு மரியாதை வந்துவிட்டிருந்தது.

பல் செய்வது பொறுமையான வேலை. பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகை வைத்து, சின்னக் கத்தியால் மேடு பள்ளம் கடைய வேண்டும். பிறகு பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தூரிகை முனையால் படலம் படலமாக ஏற்றி அடுப்பில் சுட வேண்டும். கடைவாய்ப்பல்லின் தலையில் ஓடுகிற பள்ளங்களை அவர் ஒரே இழுப்பில் போடுவார். போடுவார் என்பதைவிட, போட்டுக்கொண்டிருந்தார் என்பதே சரி.

போன மழைக்காலத்துக்கு முன்பிருந்து வலது கை நடுங்கத் தொடங்கியது. பெரிய நடுக்கம் இல்லை. எடுத்தவுடன் வருவதுமில்லை. அவசரப்படுத்தினால் வரும்; போகப்போக அவசரம் இல்லாமலும் வந்தது. வரைந்த பள்ளத்தின் பக்கத்தில் கூப்பிடாத விருந்தாளி போல இன்னொரு கோடு வந்து உட்காரும். மேசையின் இழுப்பறையைப் பாதி திறந்து, முழங்கையை அதன் விளிம்பில் முட்டுக்கொடுத்துச் சமாளித்தார். அப்படியும் சில பற்கள் திரும்பி வந்தன.

“என்னப்பா, கடிச்சா இடிக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. உன் பல்லு திரும்பி வந்து நான் பாத்ததே இல்லையே?” என்றார் முதலாளி.

“என் பல்லுல ஒண்ணுமில்ல சார். பேஷண்ட்டுக்குக் கடிக்கத் தெரியல.”

முதலாளி சிரித்தார். கடைவாயாரும் சிரித்தார். பிறகு கழிவறைக்குப் போய்த் தன் வலது கையைச் சுவரில் அழுத்தி, அது அடங்கும்வரை நின்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூடத்தில் அந்த நாற்காலி போகும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடுகிற விளையாட்டில் இருக்கும் நாற்காலியும் போகும். எது போனால் அதிகம் வலிக்கும் என்று தன்னையே கேட்டுப்பார்த்து, கிடைத்த பதிலுக்கு வெட்கப்பட்டார்.

ஏனென்றால் விளையாட்டிலும் அதே கதைதான். நடந்து போனால் துப்பாக்கி எப்போதும் உயர்ந்திருக்கும். கையைத் தொடையில் அழுத்திக்கொண்டு, நிதானமாகக் குறியை நகர்த்திக்கொண்டே போகலாம். ஓடினால், நின்ற கணத்தில் சட்டென்று குறி பார்க்க வேண்டும். அந்தச் ‘சட்டென்று’ அவரிடம் தீர்ந்துவிட்டது.

கை நடுங்குவதற்கு வெகுகாலம் முன்பே அவர் நடைக்கட்சிதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது அது சுத்தமான கொள்கை. இப்போது கொள்கை பேசுகிறதா, கை பேசுகிறதா என்று அவருக்கே பிடிபடவில்லை. அதனாலேயே முன்னைவிடச் சத்தமாகப் பேசினார்.

எட்டாம் பாகம் வரப்போகிறது, ஓட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ரசிகர்கள் சொல்லலாம் என அறிவிப்பு வந்தது. கடைவாயார் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டம் வந்ததும் சண்டை நடக்கும் இடங்களைப் பெரிதாக்கிவிட்டார்கள், ஆகவே ஓடினாலும் சேருகிற நேரம் பழைய நேரம்தான். வாசலைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு வண்டி கொடுத்த புண்ணியவான்கள் என்று எழுதினார். ஓடுகிறவன் பயந்தவன், நடக்கிறவன்தான் பயமுறுத்துகிறவன் என்றும் எழுதினார். குழுவில் பாராட்டு குவிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தலை கனத்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: “சந்தேகம் உள்ளவர்கள் என் ஆட்டத்தையே போட்டுப் பார்க்கலாம்.”

அந்த விளையாட்டில் ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகும். கூட ஆடியவர்கள் யார் வேண்டுமானாலும் அதை எடுத்து, இன்னொருவரின் கண் வழியாகவே பார்க்கலாம். வாக்குவாதம் முற்றினால் “பதிவைப் போடு” என்பது ரசிகர்களின் கோர்ட்டு வழக்கம். இவ்வளவு தெரிந்த மனிதர், தன் கண் வழியாகப் பார்த்தால் தன் கையின் நடுக்கமும் தெரியும் என்பதை மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைவாயார் வீட்டுக்கு வக்கீல் வந்து சேர்ந்தான். கறுப்புக் கோட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை; டயர் கடை வைத்திருக்கிறான். பஞ்சர் ஒட்டும்போதும் வாதாடுவான் என்பதால் அந்தப் பெயர். ஓட்டக் கட்சிக்கு அவன்தான் எல்லாம். கூடவே கடைவாயாரின் மச்சினன், பஸ் டிரைவர். அவனுக்குக் கட்சி கிடையாது. வாரம் முழுக்க ஓட்டியவன், ஞாயிறன்று யாராவது தன்னை ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்று இருப்பவன்.

வீட்டுக் கூடத்தில் டிவி. எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சோபா. மேசையருகில் கடைவாயாரின் மனைவி, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பே மூன்று டம்ளர் டீ வைத்துவிட்டாள். இரண்டு நிறைய, ஒன்று பாதி.

“எனக்கு மட்டும் ஏன் எப்பவும் அரை டம்ளர்? வீட்டுக்காரன்னா அவ்வளவு இளக்காரமா?” என்றார் கடைவாயார்.

“குடிச்சிட்டுக் கேளுங்க, இன்னும் ஊத்துறேன்,” என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அண்ணே, கட்டுரை படிச்சேன்,” என்று ஆரம்பித்தான் வக்கீல். “என்ன தமிழு! என்ன நடை! ஆனா உங்க சிப்பாயைப் பாத்தா சண்டைக்குப் போறவன் மாதிரி தெரியல. சர்க்கரை கூடிருச்சுன்னு டாக்டர் சொல்லி வாக்கிங் போறவன் மாதிரி இருக்கான்.”

“உன் ஆளு மட்டும் என்னவாம்? கடன்காரனைப் பாத்த மாதிரி துப்பாக்கியைத் தொங்கப்போட்டுட்டு ஓடுறான்.”

“ஓடினாத்தாண்ணே உசுரு.”

“உசுரு வேணும்னா வீட்லயே இருக்கணும். எதுக்கு விண்வெளிக்கு வந்தான்?”

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா, இதையும் கட்டுரையில போட்டிருக்கலாம்.”

“சிரிங்க, சிரிங்க,” என்று வக்கீல் கன்ட்ரோலரை எடுத்தான். “நீங்களே சவால் விட்டிருக்கீங்கல்ல, என் ஆட்டத்தைப் போட்டுப் பாருன்னு? போன வாரம் பனி நிலையத்துல நாம மூணு பேரும் ஆடினது. நடந்ததாலதான் நீங்க செத்தீங்கன்னு இப்ப நிரூபிக்கிறேன். அக்கா, நீங்கதான் ஜட்ஜு.”

“எனக்கு வேற வேலையில்லையா?” என்றாள் அவள். ஆனாலும் திரும்பிப் பார்த்தாள்.

திரையில் பனி விழுந்தது. இரும்புப் பாலம். கடைவாயாரின் கண் வழியாக, பாலத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையைப் பார்த்தார்கள். நடுவில், குண்டு எங்கே பாயும் என்று காட்டும் குறி வட்டம்.

அந்த வட்டம் நிற்கவில்லை. சுற்றிலும் எதிரி இல்லை, அவசரம் இல்லை. வெறும் பாலம், பனி. ஆனாலும் கண்ணாடி ஜன்னலில் உட்கார இடம் தேடுகிற ஈ போல, அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

“பாருங்க, இங்கேருந்து அங்க போறதுக்குள்ள அவன் ரெண்டு தடவை சுட்டுட்டான். ஓடியிருந்தா…” வக்கீல் திரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனான். “ஓடியிருந்தா அந்தத் தூணுக்குப் பின்னாடி…” எதிரி தெரிந்தான். வட்டம் அவன்மேல் போய் நிற்கப் பார்த்து, வழுக்கி, திரும்பி வந்து, மறுபடி வழுக்கியது. மேலே, கீழே, மேலே. “பின்னாடி…” என்றான் வக்கீல். திரையில் கடைவாயார் செத்து விழுந்தார்.

பதிவு தானாகத் திரும்ப ஓட ஆரம்பித்தது. மறுபடியும் பாலம். மறுபடியும் ஈ.

“கன்ட்ரோலர் தேஞ்சுபோச்சு,” என்றார் கடைவாயார்.

நல்ல பொய்தான். பழைய கன்ட்ரோலர்களில் குமிழ் தேய்ந்து குறி தானாக நகர்வது எல்லா ரசிகருக்கும் தெரிந்த வியாதி. வக்கீல் பிடித்துக்கொண்டான். “அட, அதான! நான்கூட என்னவோன்னு நெனச்சேன். இந்தக் கம்பெனிக்காரன் பண்ற வேலை…”

எல்லாம் சரியாகியிருக்கும். மச்சினன் நல்லவனாக இல்லாமல் இருந்திருந்தால்.

“ஏன் மாமா முதல்லயே சொல்லல? குடுங்க, கிளீன் பண்ணித் தர்றேன்,” என்று கையை நீட்டி, கன்ட்ரோலரை வாங்கி, பயிற்சி மைதானத்தைத் திறந்து, ஒரு பொம்மைமேல் குறியை வைத்தான்.

வட்டம் ஆணி அடித்த மாதிரி நின்றது.

“நல்லாத்தானே இருக்கு,” என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஒரு பெரிய பஸ்ஸை முட்டுச் சந்தில் விட்டவன் போல, முன்னால் போகவும் வழியில்லாமல் பின்னால் வரவும் தெரியாமல் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைவாயார் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சின்னப்பிள்ளைகள் திருடிய மிட்டாயை மறைக்கிற மாதிரி.

“எத்தன நாளாண்ணே?” என்றான் வக்கீல்.

அவள் சொன்னாள். “போன மழைக்கு முன்னாடியிலேருந்து.”

கடைவாயார் திரும்பினார். அவள் ஒரு சட்டையை மடித்து, மடிப்பைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்படி…”

“நெறைய ஊத்தினா சட்டையில சிந்துது. நீங்க யாரும் பாக்காம துடைச்சுக்கிறீங்க. துவைக்கிறது யாரு?”

மேசைமேல் அரை டம்ளர் டீ ஆடை கட்டியிருந்தது. இத்தனை மாதமாக அதைக் கிண்டல் செய்து குடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“நாளைக்கு லீவு போடுங்க. டாக்டர்ட்ட போவோம்.”

“நாளைக்கு மூணு பல்லு குடுக்கணும்.”

“எப்படிக் குடுப்பீங்க?”

அதற்குக் கடைவாயாரிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

வக்கீல் தொண்டையைச் செருமினான். “அண்ணே… நான் ஒண்ணு சொல்லவா? யோசிச்சுப் பாத்தா, நடைதான் சரின்னு தோணுது.”

இத்தனை வருடத்தில் வக்கீல் யாரிடமும் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. டயரில் ஆணி இருப்பதைக் கண்ணால் பார்த்தாலும், அது ஆணிதானா என்று கேட்பவன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகக் கடைவாயார் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். குளிக்கும்போதுகூட மனதுக்குள் அவனோடு வாதாடி ஜெயித்திருக்கிறார். இப்போது அது வந்து மடியில் விழுந்ததும், தன் மரணச் செய்தியை யாரோ வாசித்துக் காட்டுவது போல இருந்தது.

“வாயை மூடு,” என்றார்.

“இல்லண்ணே, நெசமாவே…”

“ஓட்டம்தான் சரின்னு சொல்லு.”

“இல்லண்ணே, உங்க கட்டுரையில ஒரு நியாயம் இருக்கு.”

“என்ன நியாயம்? சொல்லு, கேப்போம்.”

வக்கீல் மச்சினனைப் பார்த்தான். மச்சினன் தரையைப் பார்த்தான். “அந்த… நடக்குறவன் வந்து…” என்று வக்கீல் இழுத்தான். பாதிக்கு மேல் அவன் படித்திருக்கவில்லை.

“சண்டை போடுறா,” என்றார் கடைவாயார். குரல் உடைந்ததை மறைக்கக் கத்தினார். “வாக்கிங் போறவன்னு சொன்னியே, சொல்லுறா! இன்னொரு தடவை சொல்லு!”

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனி நிலையம் ரொம்பப் பிரகாசமாக இருக்கிறது, டிவி வெளிச்சத்தைக் குறைக்கணும் என்று ஏதோ முணுமுணுத்தான்.

அவள் எழுந்துவந்து, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய், சூடாக ஊற்றி வந்தாள். அதே அரை டம்ளர். கடைவாயார் கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தார். எல்லோருக்கும் முன்னால் அது நடுங்கியது. நடுங்கிக்கொண்டே டம்ளரைப் பிடித்தது. சிந்தவில்லை.

“ஒரு ஆட்டம் போடுவோமா மாமா?” என்றான் மச்சினன், இருந்த இடத்திலேயே குறுகிப்போய்.

போட்டார்கள். வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதே பனி நிலையம், அதே பாலம். கடைவாயார் தன் வழக்கப்படி நடந்தார். பக்கத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. வக்கீலின் சிவப்புக் கவசச் சிப்பாய். ஆட்டம் தொடங்கிய நொடியில் அடிவானத்தில் ஒரு புள்ளியாக ஓடி மறைகிறவன், அவருக்கு இடப்பக்கம் தோளோடு தோள் சேர்த்து நடந்து வந்தான். வலப்பக்கம் மச்சினனின் நீலக் கவசம். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் போல மூன்று பேரும் பாலத்தின்மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஓடுறா,” என்றார் கடைவாயார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“குமிழ் அழுந்த மாட்டேங்குதுண்ணே,” என்றான் வக்கீல். “கன்ட்ரோலர் தேஞ்சுபோச்சு.”

கடைவாயார் அதை வாங்கிச் சோதித்துப் பார்க்கவில்லை.