நிறம் போன தண்ணீர்

உலகத்து அழுக்கையெல்லாம் கொய்யா இலையால் போக்கிவிடலாம் என்று நம்பிய ஆள் நான். இலையைக் கொதிக்க வைத்து, அந்தக் கஷாயத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் டீ நிறத்துக்கு வரும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நானோ துகள்கள் இருக்கும். அவற்றை நீலச் சாயத் தண்ணீரில் விட்டு, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியும் போட்டால் நீலம் காணாமல் போகும். அந்தப் பொடி இலையிலிருந்து வந்ததல்ல, கடையில் வாங்கிய ரசாயனம். அதனால் ஆய்வின் தலைப்பில் அதற்கு நான் இடம் தரவில்லை. 'பசுமை முறை' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டேன்.

என் மனைவியின் அண்ணன் காகிதத்துக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். நீலத் தண்ணீரை ஓடையில் விட்டார் என்று அதிகாரிகள் வந்து பூட்டுப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் சுத்தமாகிறது என்று தகுதியுள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால் திறக்கலாமாம். தகுதியுள்ளவர் என்றதும் நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அதுவரை அந்த வீட்டில் எனக்குப் பெயர் 'இலை மாப்பிள்ளை'.

பட்டறைத் தொட்டியைச் சுற்றி மச்சான், மாமனார், என் மனைவி மூவரும் நின்றார்கள். அரைப் பாட்டில் தண்ணீர் மொண்டு, துகளையும் பொடியையும் போட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளுத்துத் தெளிந்தது. "அட!" என்றார் மாமனார். அவர் வாயிலிருந்து எனக்காக அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பெருமை தாங்காமல் மூடியைத் திருகி, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினேன்.

நீலம் திரும்பி வந்துவிட்டது.

ஆய்வகத்தில் நான் பாட்டிலைக் குலுக்கியதே கிடையாது. தெளிந்ததும் நிறத்தை அளக்கும் கருவியான நிறமானியில் வைப்பேன், எண் விழும், டீ குடிக்கப் போய்விடுவேன். சாயம் சிதையவே இல்லை, காற்று படும்வரை நிறத்தை மறைத்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறது என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அசடு வழிய நின்றேன்.

மச்சான் சிரிக்கவில்லை. என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மாப்ளே, வர்ற ஆபீசர் பாட்டிலைக் குலுக்கவா போறாரு? பாக்கும்போது தெளிவா இருந்தாப் போதும். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

என் ஆராய்ச்சியை முழு மனதோடு ஏற்றுக்கொண்ட முதல் மனிதர். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"ஓடை குலுக்குமே மச்சான்" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே. "கல்லுல விழுந்து விழுந்துதானே ஓடுது? நாலு வீடு தாண்டுறதுக்குள்ள மறுபடி நீலமாயிடும். அந்தத் தண்ணியிலதானே புள்ளைங்க குளிக்குது?"

தோளிலிருந்த கை இறங்கியது.

"அப்ப இத்தனை வருஷமா நீ என்னத்தடா கண்டுபிடிச்சே?"

கல்யாணமானதிலிருந்து என்னை 'ங்க' போட்டே பேசியவர். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிப் பையில் செருகினேன்.

"இது வேலைக்கு ஆகாதுன்னு கண்டுபிடிச்சேன் மச்சான்" என்றேன். "அதுவும் இப்பத்தான்."