மூன்றாவது டக்

பன்னிரண்டு கிலோ கன்வெர்ட்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் அண்ணனின் கராஜுக்குள் நுழைந்ததுமே, வேலையாட்கள் இருவரும் ரேடியோவை அணைத்துவிட்டார்கள். தொழிலில் அவளுக்குத் தீப்பொறி என்று பெயர். வெல்டிங்கால் வந்த பெயரா, வாயால் வந்த பெயரா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் விடை உடனே தெரிந்துவிடும்.

ஆட்டோமேடிக் கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஆயிலைச் சுழற்றியே சக்தியைக் கடத்தும் இரும்பு உருண்டைதான் டார்க் கன்வெர்ட்டர். கெட்டுப்போனதை லேத்தில் வைத்து அறுத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி வெல்டு வைத்து மூடிக் கொடுப்பது அவள் பிழைப்பு. பதினோரு வருடமாக அவள் கட்டிக் கொடுத்த ஒன்றின் மேல்கூடப் புகார் வந்ததில்லை. போன வாரம் வந்தது. அதுவும் கூடப் பிறந்தவனிடமிருந்து.

டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று. வேகம் எடுத்தால் உதறுகிறது என்று வந்தது. கோளாறு கன்வெர்ட்டரில்தான். அவள் சரிசெய்து கொடுத்தாள், அண்ணன் மாட்டினான். ஸ்டார்ட் பண்ணியதும் கிரீச்சென்று ஒரு சத்தம். கியர்பாக்ஸுக்குள் இருந்த ஆயில் பம்ப் நொறுங்கிவிட்டது. மறுநாள் காலையில் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணனின் குரல். "என் தங்கச்சி கட்டிக் குடுத்த கன்வெர்ட்டர்தான் பம்பை ஒடச்சிருச்சு. எல்லாரும் பாத்து வாங்குங்க."

மத்தியானத்துக்குள் மூன்று கராஜ்காரர்கள் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "சொந்த அண்ணனே சொல்றாரேம்மா" என்றான் ஒருவன். அந்தக் குரலை அவள் எட்டு முறை போட்டுக் கேட்டாள்.

"வா, உக்காரு. டீ சொல்றேன்" என்றான் அண்ணன்.

"உன் டீயை நீயே குடி. எங்க என் கன்வெர்ட்டர்?"

அது மேஜைக்கடியில் எண்ணெய்த் துணிக்குள் கிடந்தது. அவளே இழுத்து எடுத்து, அதன் கழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பில் எழுதிக்கொண்டிருந்த அண்ணி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தாள்.

"கழுத்துல ரெண்டு வெட்டு இருக்கு, பாரு. பம்போட பல்லு இதுக்குள்ள போய் உக்காந்திருந்தா பக்கவாட்டுல தடம் விழும். இது நுனியில மட்டும் நசுங்கியிருக்கு. உள்ளயே போகல. போகாததை போல்ட் போட்டு இறுக்கி இழுத்திருக்க. பம்ப் ஒடயாம என்ன பண்ணும்? நாக்கு மேல பல்லைப் போட்டு என் மேல பழி சொல்ல உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

வேலையாட்கள் முன்னால் 'டா' விழுந்ததும் அண்ணனின் முகம் சிவந்தது. "இருவத்தஞ்சு வருஷமா மாட்டறேன். எனக்கே பாடம் நடத்தறியா?"

"அப்ப இப்ப மாட்டு. இதோ, வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன். என் கண்ணு முன்னாடி மாட்டு."

புதுப் பம்ப் நேற்றே பொருத்தியாகிவிட்டது. கியர்பாக்ஸ் ஜாக்கின் மேல் படுத்திருந்தது. கன்வெர்ட்டரை மாட்டும்போது மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். மூன்று இடத்தில் பல் கவ்வ வேண்டும், மூன்று முறை டக்கென்று உள்ளே இறங்கும். காதுக்குக் கேட்காவிட்டாலும் கைக்குத் தெரியும். இதில் அண்ணன் கெட்டிக்காரன். கண்ணை மூடிக்கொண்டே போல்ட்டின் அளவைச் சொல்லுகிற கை அது. அதனால்தான் அவளுக்கு ஆறவில்லை. தெரியாதவன் செய்திருந்தால் இரண்டு திட்டோடு விட்டிருப்பாள்.

அவன் தூக்கி வைத்தான். சுழற்றினான். டக். இன்னும் கொஞ்சம் சுழற்றினான். டக். கையை எடுத்துவிட்டான்.

"உக்காந்துருச்சு. போல்ட்டை எடு" என்றான் வேலையாளிடம்.

யாரும் நகரவில்லை. வேலையாட்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். பொய் பிடிபட்டுவிட்டது என்று தீப்பொறி வாயைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தாள். கன்வெர்ட்டரின் விளிம்பு கிழித்து அவன் விரல் நுனியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கை."

அவன் குனிந்து பார்த்தான். ரத்தம் வராத கையை.

அண்ணிதான் ஓடி வந்து துணியைச் சுற்றினாள். "ஆறு மாசமா இப்படித்தான். சர்க்கரை. ரெண்டு கையும் மரத்துப் போச்சு. அந்த மெசேஜ் போடும்போதுகூட இவர் வெரலுக்கு போன் தெரியல. பேசறதுக்கு மைக் பட்டனை நான்தான் அழுத்திப் புடிச்சேன்."

"நீங்களா?"

"இவருக்கு இந்தக் கையை விட்டா என்ன இருக்கு? உனக்குக் கை நல்லா இருக்கு. நீ பேரை மறுபடி சம்பாதிச்சுக்குவன்னு..."

"பதினோரு வருஷம், அண்ணி! கடையில போய் வாங்கற சாமான் மாதிரி சொல்றீங்க." அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே அவளுக்குக் கோபத்தைக் கூட்டியது. வயிறார வெறுத்துவிட்டுப் போகவும் விடமாட்டேன் என்கிறானே! "கை மரத்துப் போச்சு, நீ வந்து மாட்டிக் குடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்? போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேனேடா, பாவி!"



அவள் அவனை ஒதுக்கிவிட்டுக் கன்வெர்ட்டரில் கையை வைத்தாள். கால் சுற்று சுற்றி அழுத்தினாள். டக். இரண்டு விரல் கனம் உள்ளே இறங்கி, சுகமாகச் சுழன்றது. கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணனின் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, குரூப்பைத் திறந்து அண்ணியின் கையில் திணித்தாள்.

"அன்னைக்குப் புடிச்ச வெரல்தானே? புடிங்க."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் அழுத்தினாள்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "எல்லாருக்கும் சொல்லிக்கறேன். அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டி... கன்வெர்ட்டர்ல தப்பில்ல. மாட்டினதுல தப்பு. மாட்டினது நான்தான். எனக்கு இப்பல்லாம் கையில..." பாதியில் நிறுத்தினான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வேலையாட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். போதும் என்று அண்ணி விரலை எடுக்கப் போனாள்.

தீப்பொறி அந்த விரலைத் தன் கையால் சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"எடுக்காதீங்க அண்ணி. இன்னும் என் பேரைச் சொல்லல."