அக்கா உட்கார்ந்த நாற்காலி

அக்கா செத்தும் கனைப்பதை நிறுத்தவில்லை. வாயைத் திறக்குமுன் தொண்டையை ஒருமுறை கனைப்பது அவள் வழக்கம். நான் தையல் மெஷினை மிதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் வெட்டிப்போட்ட துணிதான் கிடக்கும். அனுமதிக் குழுவின் அறையிலும் கேட்டது.

கூடப்பிறந்த அண்ணனுக்குக் கிட்னி கொடுப்பதென்றாலும் இந்தக் குழு சரியென்று சொல்ல வேண்டுமாம், சட்டம். மிரட்டிக் கூட்டிவந்தார்களா, விலை பேசினார்களா என்று கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போன வருஷம் அக்கா உட்கார்ந்ததும் இதே நாற்காலிதான். "தகுதி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மூளைக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவள் உடம்பில் ஏதோ பெரிய நோய். அவளும் அதை நம்பினாள். அந்தப் பயத்திலேயே துரும்பாக இளைத்து, ஒரு சாதாரணக் காய்ச்சலைத் தாங்க முடியாமல் போய்ச் சேர்ந்தாள்.

குழுவிலிருந்த வக்கீலம்மா பேனாவை மூடினார்.

"மனசுல இல்லேன்னா இப்பவே சொல்லிடும்மா. வெளியில 'தகுதி இல்லை'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். வேணாம்னது யாருன்னு மூச்சு விடமாட்டோம்."

போன வருஷம் அக்காவிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அடிப்பாவி, அப்படியா சங்கதி? இளைத்தது பயத்தால் இல்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த மனசு அறுத்ததால்.

"எனக்குச் சம்மதம்," என்றேன், கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே.

வெளியே பெஞ்சில் அண்ணன், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை மடியில் வைத்தபடி, தன் முறைக்குக் காத்திருந்தான்.

"அக்காவுக்கு நோயும் இல்ல, நொடியும் இல்லண்ணே. தர இஷ்டமில்லேன்னு உள்ள சொல்லியிருக்கா. நாடகக்காரி."

"செத்தவ மேல பழி போடாதே." அவன் தரையைப் பார்த்தான். "வேணாம்னது நான்தான். அப்பன் இல்லாத பிள்ளைங்க ரெண்டு. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுங்க கதி?"

"அவ பயந்தே செத்தாளேண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா விடமாட்டா. மறுபடியும் வந்து நிப்பா. அப்புறம் அவ இளைச்சுப் போனப்ப... சொல்ல வாய் வரல."

பாவம், நல்லவன் என்று நினைக்கும்போதே இன்னொன்று உறைத்தது.

"அப்ப நான்?"

"உனக்கென்ன, பிள்ளையா குட்டியா."

"அந்த ரெண்டும் இப்ப யார்கிட்டண்ணே வளருது?"

அவன் நிமிர்ந்தான். அதை யோசித்தே இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். போனான். கதவு சாத்திக்கொண்டது.

பக்கத்தில் கனைப்புக் கேட்டது. இந்தத் தடவை நான் திரும்பவில்லை.

"மன்னிச்சுக்கக்கா," என்றேன். "அவன் என்ன சொல்லுவான்?"

ஒரே ஒரு தடவை எனக்காகவும் வேண்டாமென்று சொல்லட்டும், அப்புறம் நானே அவனோடு சண்டை போட்டுக் கொடுக்கிறேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கதவு திறந்தது.

"அனுமதி குடுத்துட்டாங்க," என்றான், என்னைப் பார்க்காமல்.

பக்கத்தில் சத்தமே இல்லை. அக்கா பிள்ளைகளைப் பார்க்கப் போயிருப்பாள்.