நான் எடுத்துக்கொடுக்காத வசனம்

எங்கள் நாடகக் குழுவில் கைதட்டல் அண்ணனுக்கு, தொண்டை வலி எனக்கு. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கதாநாயகன், குழுவே அவரை அப்படித்தான் கூப்பிடும். மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனத்தை எடுத்துக்கொடுப்பது என் வேலை. ஒரு வருஷமாக அவருக்குப் பாதி நாடகத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சுவரொட்டியில் மட்டும் அவர் முகம். வயிறு எரியாதா? எரிந்தது.

அது சாதாரண மறதி இல்லை என்று முதலில் கண்டுகொண்டது அவர் மனைவி, எங்கள் அண்ணி. குழுவுக்கு உடை தைப்பவள். அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று பயந்தாள். அவர் மேடையில் திணறினால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே. தம்பி வேஷம் போடுகிற இளைஞனுக்கு அவருடைய வசனம் முழுவதையும் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் மதியம், உடை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது என்று என்னிடம் கெஞ்சினாள். நானும் தலையாட்டினேன்.

ஒரு வாரம்கூட என் நாக்கு சும்மா இருக்கவில்லை. டீ குடிக்கும்போது அண்ணனிடம், மதியத்தில் உடை அறைப் பக்கம் போகாதீர்கள், மனசு கஷ்டப்படும் என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சாத்திய கதவுக்குப் பின்னால் இளைஞனின் குரல் கேட்டது.

"உன்ன இன்னொருத்தன் வீட்டுல விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? இன்னிக்கே எங்கூட வந்துடு."

மூன்றாம் காட்சி. அண்ணன் பதினொரு வருஷமாக மேடையில் பேசிவரும் வசனம். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அது தன் வசனம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இது உங்கள் வசனம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கதவை உதைத்துத் திறந்தார். அவர் பேசியதை எழுதக் கூசுகிறது. இளைஞன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து அடக்கினாள். அதுவும் தப்பாகவே பட்டது. அவரிடம் போய் உங்களுக்கு மறந்துபோச்சு என்று சொல்வதைவிடக் கெட்ட பெயரே தேவலை என்று நினைத்திருப்பாள். பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை மூன்றாம் காட்சியில் அண்ணன் திணறினார். என் பக்கம் திரும்பினார். வேறு வழியில்லாமல் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். பாதி சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். நடிப்பென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவர் நேராக என்னிடம் நடந்து வந்தார்.

"இத நான் எத்தன வருஷமா சொல்றேன்டா?"

"பதினொரு வருஷமாண்ணே."

மறுநாள் அண்ணியின் தங்கை வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். கதவு திறக்கவில்லை. கதாநாயகன் வேஷம் இளைஞனுக்குப் போனது. எனக்கு அதே மூலை.

இப்போது அண்ணன் என் அறையில் இருக்கிறார். தினமும் காலையில் அவள் எங்கே என்று கேட்பார். போய்விட்டாள், எல்லாம் என்னால்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். கையை ஓங்கிக்கொண்டு வருவார். சில நாள் அடியும் விழும்.

மதியத்துக்குள் மறந்துவிடுவார். என் தோளில் கை போட்டு, "சாப்டியாடா தம்பி?" என்பார்.