பக்கம் 112

1.
இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பில் பிறந்தது. எங்கள் தலைநகர் அசுன்சியோனில் இணையவழி ஆராய்ச்சிப் பாடம் நடத்தும் ஒரு டீச்சர், பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வாராம்: "அடிக்குறிப்பை அதோட வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க." கேட்டதும் எனக்கு வில்லங்கமாக ஒரு யோசனை. ஒரு பிள்ளை நிஜமாகவே கொண்டுபோய் விட்டுவிட்டால்?

2.
"ஆற்றின் மேல் காலை வெயில் மெல்ல" — வேண்டாம். ஆறு பிறகு வரும்.

டீச்சர் மிர்த்தா ஒகாம்போஸுக்கு ஐம்பத்தொரு வயது. சனிக்கிழமை காலை. கையருகே ஐஸ் போட்ட தெரேரே மூலிகைப் பானம். திரையில் இருபத்தேழு கட்டங்களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். (முதலில் முப்பது என்றுதான் எழுதினேன். இருபத்தேழு என்றால் எண்ணிப் பார்த்தது போல இருக்கிறது.)

அதில் ஒரு கட்டம் சுனில்டா. ஆற்றங்கரை ஊரான சான் எலாடியோவின் பெண். மாணவர் ஆய்வுப் போட்டிக்குத் தன் ஊரின் பழைய வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை அனுப்பியிருக்கிறாள். வென்றால் தலைநகரில் படிக்க இடம். திருத்தவோ திரும்பப் பெறவோ இன்று பன்னிரண்டு மணி வரை நேரம்.

3.
"டீச்சர், எங்க ஊர் வெள்ளம் நாப்பத்தோரு நாள் நின்னுச்சுன்னு எல்லா வலைப்பக்கத்துலயும் போட்டிருக்கு. ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதினது. தேடிக்கிட்டே போனா உங்க ஆய்வேட்டுல வந்து நிக்குது."

"பரவாயில்லையே, என்னையும் பிடிச்சிட்டியா?"

"நீங்க பங்குச்சாமியார் நாட்குறிப்பு, பக்கம் 112ன்னு போட்டிருக்கீங்க. கோயில்ல போய்ப் பாத்தேன். மொத்தமே 96 பக்கம்தான். அதுல பத்தொம்பது நாள்னு இருக்கு, நானும் கட்டுரையில அப்படியே எழுதிட்டேன்."

"போச்சு, டீச்சரையே ஃபெயிலாக்கிட்டா," என்றாள் யாரோ ஒருத்தி.

"நீ சும்மா இருடி. டீச்சர், வேற நாட்குறிப்பு ஏதாவது இருக்கா? இருந்தா நான்தான் தப்பாத் தேடியிருக்கேன், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன். ஊரே வருஷா வருஷம் நாப்பத்தோரு மெழுகுவத்தி ஏத்துது. அத்தனை பேருமா தப்பு பண்ணுவாங்க?"

மிர்த்தா தன் மைக்கை அணைத்தாள்.

4.
(இங்கே அவள் இளமைக்குப் போக வேண்டும். சுருக்கமாகப் போவோம்.) இருபத்து நான்கு வயதில், மழையில் பாதை அறுந்து, சான் எலாடியோவுக்குப் போகாமலே ஆய்வேட்டை முடித்தாள். "ரொம்ப நாள் நின்னுச்சு" என்று யாரோ சொன்னதுதான் கையில் இருந்தது. நாற்பது என்று போட்டால் பைபிளில் நோவாவின் நாற்பது நாள் மழையைச் சுட்டது போலிருக்கும். அதனால் ஒன்றைக் கூட்டினாள். பக்க எண்ணும் அப்படி வந்ததுதான். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, என்னை நினைத்து.

5.
முடிவு அ: "ரெண்டாவது நாட்குறிப்பு ஒண்ணு இருந்துச்சும்மா, தொலைஞ்சு போச்சு." பிள்ளை நம்புவாள். பத்தொன்பது நாள் அத்தோடு போய்விடும்.

முடிவு ஆ: அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, இருபத்தேழு பேரும் எழுந்து கை தட்ட — கிழித்துப் போட்டேன். யாரும் கை தட்ட மாட்டார்கள்.

முடிவு இ: மின்வெட்டு. எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனாலேயே கூடாது.

6.
எனக்கு முடிவு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதினால் நீங்கள் நம்பும்படி எழுதிவிடுவேன், அதுதான் பயம்.

மணி 11:52. "டீச்சர், வாபஸ் வாங்கிக்கவா?" என்று சுனில்டா மறுபடி கேட்கிறாள். மிர்த்தா மைக்கைத் திறந்துவிட்டாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை காத்திருக்கிறாள்.