சோப்பு படக்கூடாத சால்வை

என் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு இரண்டே வேலைகள்தான். ரயில் பாதையோரம் கண்ட செடிகொடிகளைப் பறித்துக்கொண்டு வருவது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அவற்றை அவித்துத் துணிக்குச் சாயம் ஏற்றுவது. எங்கள் வீட்டில் அடுப்பில் ஏதாவது கொதித்தால் என்ன ஏதென்று விசாரிக்காமல் யாரும் கரண்டி போடுவதில்லை. ஒருமுறை என் தோழி சூப் என்று நினைத்து மரப்பட்டைக் கஷாயத்தைக் கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டாள். நல்லவேளை, நாற்றம் அவளைக் காப்பாற்றியது.

சாய விஷயத்தில் அப்பா படு கறார். வேர், பட்டை, நீலம் தரும் அவுரி இலை, இவற்றைத்தான் மதிப்பார். துணியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவமாக ஏற்றினால் கிழிகிற வரைக்கும் நிறம் நிற்கும் என்பார். முட்புதரில் காய்க்கும் கரும்பழத்தை மட்டும் தொடவே மாட்டார். அதில் கண்ணைப் பறிக்கிற ரோஜா நிறம் வரும். ஆனால் சோப்பு பட்டதோ போச்சு, பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். "அது சாயம் இல்லீங்க, ஜூஸு" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் முழங்கை வரை முள் கீறலோடு, கூடை நிறையக் கரும்பழத்துடன் வந்து நின்றால் பெற்ற மகள் என்ன நினைப்பாள்?

"என்னப்பா, ஜாம் போடப்போறீங்களா?"

"சும்மா இரும்மா. ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாம்னு."

சோதனை யாருக்காக என்று எனக்கா தெரியாது? கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மேடத்துக்காக. அப்பா அங்கே கண்ணாடி வாங்கிய நாளிலிருந்து அதன் திருகாணி வாரம் தவறாமல் கழன்றுகொண்டிருந்தது. தானாகக் கழலவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவரே அதைக் கழற்றுவதை இந்தக் கண்ணால் பார்த்தேன். கழன்றது திருகாணி மட்டும் இல்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. மேடம் திருகாணியை முடுக்கித் தருவார். அப்பா நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார். மேடமும் தனி ஆள். கணவர் தவறிப்போய்ப் பல வருடம் ஆகிறது. ஒருநாள் பேச்சுவாக்கில், "எனக்கு ரோஸ் கலர்னா உயிரு சார்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கிடைக்கிற எந்த வேரிலும் பட்டையிலும் அந்த நிறம் வராது. அதனால்தான் கரும்பழம்.

கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அம்மா போன பிறகு இந்த மனிதர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவியதே இல்லை. இப்போது சீவுகிறார், இருக்கிற நாலு முடியை. எனக்கு வேலை மாற்றலாகிவிட்டது, அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போகிறேன். அப்புறம் இவர் பானையோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பழச்சாற்றில் ஊறிய பருத்திச் சால்வையைக் கடைசியாக வினிகர் தண்ணீரில் முக்கி எடுத்தார். நிறம் பளீரென்று ஏறியது. நானே வாயைப் பிளந்தேன்.

"சோப்பு போடக்கூடாதுன்னு சொல்லிக் குடுங்கப்பா. நீங்க பேசவேண்டியது அது ஒண்ணுதான்."

"சொல்றேன், சொல்றேன். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

போனார். காதெல்லாம் சிவந்துபோய்த் திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அது சரி. சொன்னீங்களா?"

"அவங்க ரொம்ப சந்தோஷப்பட்டாங்கம்மா. எனக்கு வாயே வரல. வந்துட்டேன்."

பேருந்து ஓட்டிய காலத்தில் எதிரே வருகிற லாரிக்காரரைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏசிய வாய் அது. நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை வருவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. ஒருவழியாகக் கடைக்குப் போனால், மேடம் இவரைக் கண்டதும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "இன்னைக்குக் கொஞ்சம் வேலை சார்" என்று குரல் மட்டும் வந்தது. அடுத்த முறையும் அதே கதவு, அதே குரல்.

அப்பா வீட்டுக்கு வந்து திருகாணியை இறுக முடுக்கினார். அது அதற்குப் பிறகு கழலவே இல்லை.

"துவைச்சிருப்பாங்க. நிறம் போயிருக்கும். நான் ஏமாத்துறவன்னு நினைச்சுட்டாங்க" என்றார். கொட்டகைப் பக்கமே போகவில்லை. அவுரித் தொட்டி நுரை கட்டிக் கிடந்தது. தலை சீவுவதையும் விட்டுவிட்டார். எனக்கே கிண்டல் செய்ய மனம் வரவில்லை. பெட்டி கட்டுகிற வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வாசலில் கண்ணாடிக்கடை மேடம். கையில் ஒரு பை, பார்வை தரையில்.

"சார் இருக்காங்களாம்மா?"

அப்பா வந்து நின்றார். மேடம் பைக்குள் இருந்து சால்வையை எடுத்தார். அதன் பச்சையிடம் குளத்தடிப் பாசி தோற்றது.

"தப்பு பண்ணிட்டேன் சார். போர்த்தின அன்னைக்கே டீயைக் கொட்டிட்டேன். சோப்பு போட்டு அலசினா இப்படி ஆயிடுச்சு. உங்க கையெல்லாம் முள்ளு கீறினதைப் பாத்தேனே, அவ்ளோ கஷ்டப்பட்டுக் குடுத்ததைக் கெடுத்துட்டு எந்த மூஞ்சியோட உங்க முன்னாடி நிக்கிறது? அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருத்தர் உள்ளறையில் ஒளிய, ஒருத்தர் வீட்டுக்குள் முடங்க! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"தப்பு உங்க மேல இல்ல மேடம்" என்றார் அப்பா. "இது நிக்காத சாயம். தெரிஞ்சேதான் போட்டேன். உங்களுக்கு அந்தக் கலர் பிடிக்கும்னு சொன்னீங்க. சோப்பு போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன், சொல்ல வாய் வரல."

பிறகு கிண்ணத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீர் விட்டுச் சால்வையின் நுனியை முக்கினார். பச்சை கலைந்து ரோஜா நிறம் திரும்பி வந்தது. மேடம் சின்னப் பெண் மாதிரி கைதட்டினார்.

"அவ்ளோதான் மேடம். ரொம்ப சுலபம். நீங்களே வீட்டுல பண்ணிக்கலாம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீடு தேடி வந்தவரை இப்படியா வழியனுப்புவார் ஒரு மனிதர்!

மேடம் சால்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "திரும்பத் துவைச்சா?"

"திரும்பப் பச்சையாயிடும்."

"எங்க வீட்டுல எலுமிச்சம்பழமே வாங்குறதில்ல சார்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இதை அவராகத்தான் தாண்ட வேண்டும்.

"அப்ப..." என்று இழுத்தார். "துவைச்சுட்டு இங்கேயே கொண்டு வந்துடுங்க. நான் முக்கித் தர்றேன்."

"சரி சார். இதை எப்பப்ப துவைக்கணும்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பருத்தி பாருங்க மேடம். தினமும் துவைச்சாத்தான் துணிக்கு நல்லது."

தொழில் விஷயத்தில் என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. மேடம் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நாளைக்கு வர்றேன்" என்றார்.