பூஜ்ஜியத்துக்குக் கீழே

அன்னெலி தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வா, கொன்னியும் வருகிறான், மறுபடி ஆடலாம் என்று இருக்கிறோம், எந்த விதிநூலை வைத்து ஆடுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றாள். பிறகு சற்று நிறுத்தி, "அந்தப் பாலத்தைப் பத்தி ஒரு வார்த்தை வந்தாலும் நீ எழுந்து போயிடணும், ஹோக்கன். அப்புறம் திரும்ப வரவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று வருடத்தில் அண்ணன் மனைவி அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் ஸ்டெல்லனின் அடக்கத்தன்று தேவாலய வாசலில் அவள் கை கொடுத்தாள், எல்லோருக்கும் கொடுத்ததைப் போல. அதோடு சரி. ஹோக்கனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மணமுறிவும் பழைய கதை ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் பேசுவதற்கென்று இருந்தது அந்த ஒரு மேசையும் அதைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பேரும்தான். அந்த இடம் திரும்பக் கிடைக்கும் என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார அவன் தயாராக இருந்தான்.

நான்கு பேர் ஆடிய ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். யார் விழுந்தார், யார் தப்பினார் என்பதைப் பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதை விதிநூல் சொல்லும். 'சாம்பல் கரை' என்று பெயர். அண்ணனும் தம்பியும் பள்ளி நாளில் ஆளுக்கொரு விதிநூல் வாங்கித் தொடங்கியது, தலை நரைத்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. நடத்தியது எப்போதும் ஸ்டெல்லன்தான்.

அவர்கள் மேசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டால் புத்தகத்தை யாரும் திறக்கக் கூடாது. நடத்துபவன் மனதில் இருப்பதைச் சொல்வான், மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டு மேலே போவார்கள். பக்கத்தைப் புரட்டத் தொடங்கினால் கதை ஆறிப்போகும் என்பான் ஸ்டெல்லன். அப்படித்தான் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது.

பிறகு அந்தச் செப்டம்பர். ஹோக்கனின் பாத்திரம் டோர்டிஸ் என்ற படகுக்காரி. பதினொரு வருடம் அவளாகவே பேசியிருக்கிறான். ஒரு கயிற்றுப் பாலத்தின் நடுவில் அவள்மேல் அம்பு பட்டது. அவளிடம் மிச்சம் இருந்தது நான்கு உயிர்ப்புள்ளி. அம்பு எத்தனை எடுக்கும் என்று பகடை காட்டியதும் நான்கு. "பூஜ்ஜியம். டோர்டிஸ் செத்துட்டா" என்றான் ஸ்டெல்லன். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால்தான் சாவு, பூஜ்ஜியம் என்றால் மயக்கம் மட்டும் என்றான் ஹோக்கன். இல்லை, பூஜ்ஜியமே சாவுதான் என்றான் அவன். புத்தகத்தைத் திற என்று இவன் கேட்டான். மேசையில் திறப்பதில்லை என்று அவன் மறுத்தான். ஹோக்கன் பகடைகளை அள்ளிக்கொண்டு எழுந்தான். "நீ ஏமாத்துறவன்டா. சின்ன வயசுலேர்ந்தே ஏமாத்தித்தான் ஜெயிச்சே" என்று அன்னெலியின் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தன் புத்தகத்தைத் திறந்து பார்த்தான். முப்பத்தொன்றாம் பக்கம், மூன்றாவது பத்தி: பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால் இறப்பு. தெளிவாக இருந்தது. ஸ்டெல்லனும் பார்த்திருப்பான், வெட்கப்பட்டுக்கொண்டு ஒருநாள் கூப்பிடுவான் என்று காத்திருந்தான். இருவர் வீட்டுக்கும் இடையில் இருபது நிமிட நடை. அக்டோபர் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. பிப்ரவரியில் பனிச்சறுக்குத் தடத்தில் ஸ்டெல்லனின் இதயம் நின்றுபோனது.

ஞாயிறன்று ஹோக்கன் போனபோது கொன்னி ஏற்கெனவே சமையலறையில் உட்கார்ந்து, கிரீம் வைத்த செம்லா ரொட்டிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். கொன்னி நகரப் பேருந்து ஓட்டுகிறவன், பேச்சை நிறுத்தத் தெரியாதவன். அன்னெலி காபி ஊற்றினாள். மேசையில் இரண்டு புத்தகங்கள். ஒன்று கொன்னி வாங்கி வந்த புதிய பதிப்பு, செங்கல் கனத்தில். மற்றது ஸ்டெல்லனுடைய பழைய விதிநூல், முதுகில் பசைநாடா ஒட்டியது, அறுபத்து நான்கே பக்கம்.

ஹோக்கனின் காலடியில் இருந்த பையில் அவனுடைய பழைய பிரதியும் இருந்தது. நூலைத் தேர்ந்தெடுக்க உதவும் என்று எடுத்து வந்ததாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டும் வைத்திருந்தான். அதற்கு அவனிடம் சமாதானம் எதுவும் இல்லை.

இனி தானே நடத்தப்போவதாக அன்னெலி சொன்னாள். புத்தகம் ஒன்றுதான் இருக்க வேண்டும், எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கொன்னி புதியதற்குப் பரிந்து பேசினான். எழுத்து பெரிது, படங்கள் இருக்கின்றன, கூட்டல் கழித்தல் குறைவு. "பழசுல எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. எனக்கு இப்பல்லாம் பஸ் நம்பரே பக்கத்துல வந்தாத்தான் தெரியுது" என்றான்.

"நீதானே அந்த பஸ்ஸை ஓட்டுறே" என்றாள் அன்னெலி.

"அதனாலதான் பயமா இருக்குங்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதடு அசைந்தது. ஹோக்கன் பழையதற்காகப் பேசினான். அது முழுக்கத் தலைக்குள் அடங்கும், புதியதை ஒருவராலும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது என்றான். குரலைத் தாழ்த்தியே பேசினான். ஒவ்வொரு வாக்கியத்தையும் நாக்கிலேயே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே விட்டான்.

அன்னெலி ஒரு யோசனை சொன்னாள். ஒரே விதியை இரண்டு நூலிலும் படித்துப் பார்ப்போம், எது நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்துவிடும். எந்த விதி என்று அவள் கேட்டதுதான் தாமதம், வாய் நிறையக் கிரீமோடு இருந்த கொன்னி, "காயம் படுறதைப் படி" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டான். ஹோக்கன் தன் கோப்பைக்குள் பார்த்தான்.

"படிச்சுத்தானே ஆகணும்" என்றாள் அன்னெலி. "அது இல்லாம ஆட்டம் ஏது."

முதலில் புதியதைப் படித்தாள். ஒரு பக்கத்துக்குமேல் நீண்டது. விழுந்தவர் மூன்று முறை பகடை உருட்டலாம், கூட இருப்பவர் கை கொடுக்கலாம், கடவுளை அழைக்கலாம். "இதுல சாகணும்னாலே மனு போடணும் போல" என்று கொன்னி மெல்லச் சொன்னான். பிறகு அவள் ஸ்டெல்லனின் நூலை எடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே அந்த இடத்தில் திறந்துகொண்டது.

"உயிர்ப்புள்ளி பூஜ்ஜியத்தைத் தொட்டால் இறப்பு," என்று படித்தாள்.

ஹோக்கனுக்குக் காது அடைத்தது. அவள் வேண்டுமென்றே மாற்றிப் படிக்கிறாள், தன்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். கொதித்து வந்ததை விழுங்கினான். ஒரு வார்த்தை பேசினால் வெளியே போக வேண்டும். பேசாவிட்டால், ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பொய்யின் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை படி" என்றான்.

"எதுக்கு?"

"சும்மா படி, அன்னெலி."

அவள் நிமிர்ந்தாள். "நான் ஃபோன்ல என்ன சொன்னேன்?"

கொன்னி ரொட்டியைத் தட்டில் வைத்தான். எழுந்துவிடு என்று ஹோக்கனுக்குள் ஒரு குரல் சொன்னது, மூன்று வருடத்துக்கு முன் சொன்ன அதே குரல். அவன் குனிந்து பையிலிருந்து தன் பிரதியை எடுத்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்றும் பேசாமல் அவள் முன்னால் வைத்தான். அதே அட்டை, அதே படம், அதே பக்க எண்.

அவள் படித்தாள். விரலை இதில் வைத்து அதைப் பார்த்தாள், அதில் வைத்து இதைப் பார்த்தாள். ஸ்டெல்லனின் நூலை அவன் பக்கம் திருப்பினாள். அவன் தன் கண்ணாலேயே கண்டான். பூஜ்ஜியத்தைத் தொட்டால். அச்சில். எழுத்து ஒன்றுகூட மாறாமல் அவள் படித்திருக்கிறாள்.

கொன்னி இரண்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதல் தாளின் பின்புறத்தில் முகத்தைப் பதித்தான். "உன் அண்ணனோடது முதல் அச்சு. உன்னோடது அதுக்கு மறுவருஷம்" என்றான். "இரண்டாம் அச்சு, திருத்தப்பட்டதுன்னு போட்டிருக்கு." வாய் அவனுக்குக் கட்டுப்படவில்லை. "அப்போ நீ சொன்னதுதான்டா சரி, கிழவா."

மூன்று வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தோம் என்று ஹோக்கனுக்குத் தெரியும். வந்துவிட்டது. அவன் கை நீட்டித் தன் புத்தகத்தை மூடினான்.

அன்னெலியின் முகம் வெளுத்திருந்தது. "அன்னிக்கு நீ போன உடனே அவர் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்து எனக்குக் காட்டினார்" என்றாள். "பாரு, நான் ஏமாத்தலைன்னார். அதுக்கப்புறம் எத்தனை தடவை காட்டினார்னு கணக்கே இல்லை. நீ உன் புத்தகத்தைப் பார்த்துட்டு வந்து நிப்பேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

"நானும் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"அவன் வருவான்னு உட்கார்ந்திருந்தேன்."

வெளியே தெருவில் பனிவாரி வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"அவன் ஏமாத்தலை" என்றான் ஹோக்கன். "அதை உன் முன்னாடிதான் சொன்னேன். அதனால இதையும் உன் முன்னாடியே சொல்றேன். அவன் ஏமாத்தலை. பாலத்தைப் பத்திப் பேசிட்டேன், தெரியும். போறேன்."

எழுந்து தன் புத்தகத்துக்காகக் கை நீட்டினான். அன்னெலி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"உட்காரு. எந்தப் புத்தகம்னு நீ இன்னும் சொல்லலையே."

அவன் நின்றபடியே ஸ்டெல்லனின் நூலைக் காட்டினான். இதை வைத்தே ஆடலாம் என்றான்.

"அப்போ டோர்டிஸ்?"

"செத்துட்டா."

"தப்பான அச்சுன்னு தெரிஞ்சும் எனக்காக இதை எடுக்கறியா?" அவள் குரல் சட்டென்று கூர்மையானது. "நீ எனக்குப் பிச்சை போட வேண்டாம், ஹோக்கன்."

அவனுக்கு முகம் சுட்டது. என்ன சொல்ல வருகிறோம் என்று தெரியாமலே பேசத் தொடங்கினான். பிச்சை இல்லை. இரண்டு புத்தகமும் இல்லாமலிருந்தாலும் அன்று டோர்டிஸ் செத்துத்தான் போயிருக்கிறாள். நடத்துகிறவன் சொல்லிவிட்டான். புத்தகத்தைத் திறக்காமல் அவன் சொன்னதை வைத்து மேலே போவது என்றுதானே உட்கார்ந்தோம். தோல்வி தனக்கு என்றதும் முதல்முறையாகப் புத்தகத்தைக் கேட்டது தான்தான்.

"நடத்துறவர் சொன்னா சொன்னதுதான். அவ்வளவுதான்" என்று முடித்தான்.

அன்னெலி இரண்டு பழைய நூல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எழுந்து போய், ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரியில் செருகினாள். திரும்பி வந்து செங்கல் கனப் புத்தகத்தைத் தன் முன்னால் இழுத்தாள்.

"இனிமே நடத்துறது நான்" என்றாள். "நான் சொல்றேன். புதுசு."

ஹோக்கன் வாயைத் திறந்தான். முன்னூற்றுச் சொச்சம் பக்கம். மூன்று தடவை பகடை, கடவுளை அழைப்பது. அதில் ஒரு வரியையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கொன்னி சந்தோஷத்தைக்கூடக் காட்ட முடியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி" என்றான் ஹோக்கன். உட்கார்ந்தான்.

அடுத்த இரண்டு வாரத்தில் அவன் தனக்கும் அந்தப் புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். பிடிக்காததாலேயே கவனமாகப் படித்தான். மார்ச் முதல் ஞாயிறு அவர்கள் ஆடினார்கள். அவனுடைய புதிய பாத்திரம் ஒரு மணியடிப்பவர், வயதானவர், முழங்கால் வலிக்காரர். அன்னெலி தடுமாறித்தான் தொடங்கினாள். பெயர்களை மறந்தாள், மழையில் இருந்த ஊரை வெயிலுக்குக் கொண்டுபோனாள். இரண்டாவது மணி நேரத்தில்தான் குரல் நிலைத்தது. கோபுரப் படியில் யாரோ இறங்கி வருகிற சத்தத்தை அவள் சொன்னபோது கொன்னியே பேச மறந்தான்.

கத்தி மணியடிப்பவரின் தோளில் இறங்கியது. பகடை உருண்டு நின்றது. அவள் மனதுக்குள் கூட்டினாள்.

"நாலு" என்றாள்.

மணியடிப்பவர் தோல் சட்டை போட்டிருக்கிறார், அதற்கு ஒன்று குறைக்க வேண்டும். மூன்றுதான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கட்டத்துக்குள் போட்டிருக்கிறது. புத்தகம் அவள் முழங்கைக்கு அடியில் மூடி இருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோக்கன் தன் தாளில் ஒன்பது உயிர்ப்புள்ளியை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினான்.

"ரத்தம் வருதா?" என்று கேட்டான்.

"வருது" என்றாள் அன்னெலி. "நிறைய."